பாட்டையும் கல்வித் திட்டத்தில் எழுதுங்கள்: குமரி மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

கன்னியாகுமரி மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கும், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் உள்ளடங்கிய கல்விப் பிரிவுக்கும், ஒன்பது வட்டார வள மையங்களின் மேற்பார்வையாளர்களுக்கும்,

வணக்கம்.

சிறப்புத் தேவை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. அதில் பேச்சு, எழுத்து, எண், தன்வேலை, நடை என்று இலக்குகள் இருக்கும். இசை என்ற சொல் வந்தால், பெரும்பாலும் ‘பொழுதுபோக்கு’ அல்லது ‘விருப்பம்’ என்ற வரிசையில்தான் வரும். ‘இந்த இலக்கை எட்ட இந்தப் பாட்டு, இத்தனை வாரம், அதன்பின் பாட்டில்லாமல்’ என்று எழுதுவது அரிது. அப்படி எழுத வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை. மற்றதெல்லாம் எப்படி எழுதுவது, எங்கே சறுக்கும் என்ற விவரம்.

இசை எதைச் செய்யாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், மொஸார்ட் இசையைப் பத்து நிமிடம் கேட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு வகைப் புதிரைச் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்குள் மறைந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ‘மூளையை வளர்க்கும் இசை’ என்று குறுந்தகடு விற்றவர்கள் ஏராளம். ஒன்பது நாடுகளில், ஆட்டிசம் உள்ள 364 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான இசைச் சிகிச்சை ஆய்வில், ஐந்து மாதத்துக்குப் பிறகும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆகவே ‘பாட்டால் குணமாகும்’ என்று பெற்றோரிடம் யாரும் சொல்லக் கூடாது. மூன்று நாள் பயிற்சி பெற்ற ஆசிரியர் இசைச் சிகிச்சையாளர் ஆகிவிடுவதுமில்லை. நாங்கள் பேசுவது சிகிச்சையைப் பற்றியல்ல. குறிப்பிட்ட ஒரு திறனைக் கற்பிக்கத் தாளத்தையும் மெட்டையும் கருவியாக்குவதைப் பற்றி.

தாளம் ஏன் உதவுகிறது? அடுத்தது எப்போது வரும் என்பதை அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. கை எப்போது உயர வேண்டும், வாய் எப்போது திறக்க வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குப் பதற்றம் குறையும். அதே சொல்லை நாற்பது முறை சொன்னால் சலிக்கிற பிள்ளை, பாட்டாக வந்தால் நாற்பது முறையும் கேட்கும். ஆனால் பாட்டு என்பது கட்டடத்துக்குக் கட்டும் சாரம். சுவர் நின்றபின் அதைப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் விடுவதுதான் பள்ளிகளில் நடக்கும் முதல் பிழை.

எண்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று முதல் பத்து வரை அழகாகப் பாடும் பிள்ளையிடம் ‘ஆறுக்கு அடுத்தது என்ன’ என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து பாடத் தொடங்கும். ஐந்து புன்னைக்காயைக் கொடுத்து எண்ணச் சொன்னால் பாட்டு முடியும்வரை எண்ணிப் பத்து என்று சொல்லும். பாட்டு மனப்பாடமாகியிருக்கிறது, எண் ஆகவில்லை. ஒரு தாளத் தட்டுக்கு ஒரு காய், கிண்ணத்தில் விழும் ஓசையோடு, என்று தொடக்கத்திலிருந்தே சேர்க்க வேண்டும். மூன்றில் நிறுத்துவது, ஏழில் நிறுத்துவது என்று பாட்டை உடைக்க வேண்டும். பிறகு படிப்படியாகப் பிரிக்க வேண்டும்: முதலில் மெட்டோடு பாட்டு, அடுத்து மெட்டை எடுத்துவிட்டுத் தாளத்தில் சொல்வது, அடுத்து விரலால் மெல்லத் தட்டிக்கொண்டு இயல்பாகப் பேசுவது, கடைசியில் தட்டும் இல்லாமல். ஐந்து வாய்ப்பில் நான்கு முறை சரியாக வந்தால்தான் அடுத்த படி. அடுத்த படியில் தடுமாறினால் ஒரு படி இறங்கலாம், அதில் குற்றமில்லை. (வாயில் வைக்கும் பழக்கமுள்ள பிள்ளைக்குப் புன்னைக்காயும் சோழியும் வேண்டாம். மூன்றேகால் சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது.)

பேச்சுக்கான பாட்டில் மௌனந்தான் பாடம். வரியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டு நிறுத்த வேண்டும்: ‘அம்மா குடத்தில் மோந்தது…’ பிள்ளை ‘தண்ணி’ என்று சொல்லட்டும், ‘த’ என்றாலும், படத்தைக் காட்டினாலும், கண்ணை அந்தப் பக்கம் திருப்பினாலும் விடைதான். பெரியவர்களால் பொதுவாக இரண்டு நொடிக்கு மேல் பொறுக்க முடிவதில்லை, தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மனத்துக்குள் பத்து எண்ணுங்கள். மூளை முடக்குவாதத்தில் நாக்கும் உதடும் இறுகியிருக்கும் பிள்ளைக்கு இன்னும் கூடுதல் நேரம் வேண்டும். எந்தச் சொல்லை விடுவது என்பதும் முக்கியம். கடலோரப் பிள்ளைக்குச் சாளை, அயிலை என்ற மீன் பெயர்கள். பூ விளையும் தோவாளைப் பிள்ளைக்குப் பிச்சி, அரளி. மலையோரப் பிள்ளைக்கு மரச்சீனி (மரவள்ளி). வீட்டில் அன்றாடம் புழங்காத சொல்லைப் பாட்டில் வைத்தால் அது பாட்டோடு நின்றுவிடும். விளவங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளுக்கு முதல் பாட்டு வீட்டு மொழியிலேயே இருக்கட்டும்.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தபின் தொடக்க வகுப்புகளில் பாட்டுக்குப் பஞ்சமில்லை; நல்ல மாற்றம். ஆனால் கைப்பேசியில் ஓடும் பாட்டுகள் பல, பேச்சு தாமதமான பிள்ளைக்குப் பிடிபடாத வேகம். பின்னணியில் கீபோர்டு, தபேலா, குழுக்குரல் என்று ஓசை வேறு அடர்த்தி. நிமிடத்துக்கு 60 தட்டு அளவில், ஆசிரியரே வாயால், ஒரேயொரு தாளக் கருவியோடு பாடுவது மேல். சீரான தட்டு ஒலிக்கும் தாளமானிச் செயலி கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆசிரியர் பழகுவதற்கு அது போதும், வகுப்பில் வேண்டியதில்லை. சுருதியும் பார்க்க வேண்டும். பெண் ஆசிரியர்கள் பழகிய ஐந்து கட்டைச் சுருதியில், கீழ் ஸ்தாயிக்கு இறங்கும் மெட்டு சிறு பிள்ளையின் குரலுக்கு எட்டாது. ஆண் குரல் இன்னும் கீழே. ஆர்மோனியத்தின் நடு ஸ்தாயியில் ஒரு கட்டையிலிருந்து அதன் தைவதம் (ஆறாம் சுரம்) வரைக்குள் மெட்டு அடங்கினால் பெரும்பாலான பிள்ளைகள் சேர்ந்து பாடிவிடுவார்கள்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் அதற்குத் தமிழிலேயே இருக்கும் தீர்வும் இங்கே சொல்ல வேண்டும். வாசிப்பில் தடுமாறும் பிள்ளைகளும், கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளும் குறில் நெடிலில் வழுக்குவார்கள்: கல்–கால், படம்–பாடம், பல்–பால். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் ஏற்கெனவே அளந்து வைத்திருக்கிறது. அதை உடம்புக்குக் கொண்டுபோங்கள். குறிலுக்குப் பறையில் ஒரு தட்டு. நெடிலுக்கு அதே தட்டுக்குப் பின் கையைத் தோலின்மேல் இழுத்து ஒரு தேய்ப்பு. ‘படம்’ தட்டு-தட்டு. ‘பாடம்’ இழுப்பு-தட்டு. முதலில் ஆசிரியர் அடிக்க, பிள்ளை இரண்டு படங்களில் ஒன்றைத் தொட வேண்டும், பிறகு பிள்ளை அடிக்க, ஆசிரியர் தொட வேண்டும், அதன்பின் எழுத்து. ஒரு வேளைக்கு மூன்று இணைச் சொற்களுக்கு மேல் போகாதீர்கள். எழுத்துப் பாட்டுக்கு மெட்டுப் போடுபவர்களுக்கு இதிலேயே ஓர் எச்சரிக்கை இருக்கிறது. மெட்டின் நீளமான சுரம் குறிலின்மேல் விழுந்தால் ‘பட்டம்’ ‘பாட்டம்’ ஆகிவிடும். நாம் கற்பிக்க வந்த வேறுபாட்டை நம் பாட்டே அழித்துவிடும். இந்தக் காரணத்துக்காகவே, கேட்க இனிமையான எழுத்துப் பாட்டுகள் சிலவற்றை நாங்கள் வகுப்பிலிருந்து ஒதுக்கச் சொல்வோம்.

நடைக்கு இன்னொரு முறை. இயன்முறைப் பயிற்சியாளர் உடனிருக்க வேண்டும். பிள்ளை தன் போக்கில் நடக்கட்டும். 15 நொடியில் எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். 17 அடி என்றால் நிமிடத்துக்கு 68. அந்த வேகத்திலேயே இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளைத் தட்டுங்கள். பாட்டு வேண்டாம், சொல் காதில் விழுந்தால் கால் நின்றுவிடும். அடி தாளத்தோடு ஒத்துவந்த பிறகே 71, 72 என்று மெல்லக் கூட்டலாம். கால் விரல் தரையில் உரசினாலோ முழங்கால் மடியத் தொடங்கினாலோ வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். நம் வேகத்தை முதல் நாளே பிள்ளைமேல் ஏற்றுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு. அது நடையைச் சீராக்குவதற்குப் பதில் விழவைக்கும்.

இனி இந்த மண்ணின் சொத்துக்கு வருவோம். கருவி வாங்க நிதி வந்தால் பள்ளிகள் கீபோர்டும் ஒலிபெருக்கியும் வாங்குகின்றன. விரல் தனித்தனியே இயங்காத பிள்ளைக்குக் கீபோர்டால் என்ன பயன்? வில்லுப்பாட்டு இந்த மாவட்டத்தில் வேரூன்றிய கலை. கற்பித்தலுக்கு அதைவிடப் பொருத்தமான அமைப்பை யோசித்தும் உண்டாக்க முடியாது. வில்லை வீசுகோலால் அடிக்க முழுக் கை அசைவு போதும், ஒரு கை போதும். அடித்த கணமே மணிகள் குலுங்குவது காதுக்குக் கேட்கும், கண்ணுக்கும் தெரியும். குடம் இரு கையையும் கேட்கும். உடுக்கை பிடித்து அழுத்தும் வலுவைக் கேட்கும். மரக் கட்டையும் ஜால்ராத் தாளமும் விரலை இணைக்கும். எந்தப் பிள்ளைக்கு எந்த அசைவு இலக்கோ அந்தக் கருவியைக் கொடுக்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக அதில் ‘ஆமா’ இருக்கிறது. புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர் ‘ஆமா’ போடுவார். ஒரே சொல்தான், ஆனால் அது இல்லாமல் கதை நகராது. ஒரு சொல் மட்டும் வரும் பிள்ளைக்கும், சொல்லே வராமல் பொத்தானை அழுத்திப் பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்யும் பிள்ளைக்கும் அது முழுப் பங்கு. முறைவைத்துப் பேசுதல், எதிராளியைக் கவனித்தல், தன் இடம் வரும்வரை காத்திருத்தல் மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. அறிவியல் பாடத்தில் நீர்ச்சுழற்சியையோ சமூக அறிவியலில் நம் மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு இணைந்ததையோ எட்டு வரி வில்லுப்பாட்டாக்கி, வகுப்பு முழுவதையும் சேர்த்துப் பாடலாம். சிறப்புத் தேவை உள்ள பிள்ளைக்கென்று தனி மூலை வேண்டியதில்லை.

பள்ளிக்கு முழு அளவு வில் வேண்டாம். நான்கடி மூங்கில், தடித்த கயிறு, ஐந்தாறு மணி போதும். வளைத்துக் கட்டிய வில்லில் இழுவிசை நிற்கும். கயிறு அறுந்தால் மூங்கில் முகத்தில் அடிக்கும். ஆகவே வாரம் ஒருமுறை கயிற்றைப் பாருங்கள், பிள்ளையின் முகம் வில்லிலிருந்து ஒரு கை நீளம் தள்ளியே இருக்கட்டும். குடத்தை வைக்கோல் பிரியால் சுற்றிய புரிமணையில் வைத்தால் உருளாது. வீசுகோலும் பறைக் கோலும் ஒரு சாண் நீளம் போதும். பிடி மெலிதாக இருந்தால் தசை தளர்ந்த கை நழுவவிடும், இறுகிய கை விட முடியாமல் தவிக்கும். பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி மூன்று, நான்கு சென்டிமீட்டர் தடிமனாக்குங்கள். கொஞ்சமும் பிடிக்க முடியாத பிள்ளைக்கு ஒட்டுப்பட்டையால் கோலை உள்ளங்கையில் கட்டலாம், அல்லது மணிக்கட்டில் சலங்கை. அதற்கு முன் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள்: இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோணத்தில், பாதம் பலகையில் ஊன்றியபடி. கால் தொங்கினால் கை இயங்காது. பறையை எங்கே வைக்கிறோமோ அங்கேதான் கை போகும் என்பதால், உயரமும் பக்கமும் பயிற்சியாளர் சொன்னபடி இருக்கட்டும்.

செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்கு இசை எதற்கு என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவலின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். உலகறிந்த தாள வாத்தியக் கலைஞர். அதிர்வை உணர்வதற்காக வெறுங்காலோடு வாசிப்பவர். பள்ளியில் செய்யக்கூடியது இது: நாலுக்கு நாலு அடி, 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகை, அடியில் ஓரங்களிலும் நடுவிலும் இரண்டு அங்குல ரீப்பர் (மரச் சட்டம்), பறையைப் பலகையின்மேலேயே வைத்து, பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார வேண்டும். சிமென்ட் தரையில் நேராக வைத்தால் அதிர்வு வராது. ரப்பர் விரிப்பும் அதைக் குடித்துவிடும். தாழ்ந்த ஓசையுள்ள பறை, தவில் நன்றாக உணரப்படும். ஜால்ராவில் ஒன்றும் தெரியாது. உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்திய பிள்ளைகளுக்குத் தாளம் தெளிவாக எட்டும், சுர வேறுபாடு சரியாக எட்டாது. ராகத்தை வைத்துச் சோதித்துவிட்டு ‘இசையில் ஆர்வமில்லை’ என்று எழுதாதீர்கள். ஒரு குரல், ஒரு கருவி. அதிர்வை உணரப் பலூனைப் பிடிக்கச் சொல்வதும் நல்ல முறைதான்; ஆனால் முதுகுத்தண்டுப் பிளவோடு பிறந்த பிள்ளைகளுக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமை அதிகம். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இது யாருக்கும் தோன்றுவதில்லை. பலூன், கையுறை, ரப்பர் பந்து மூன்றையும் அவர்களிடமிருந்து விலக்குங்கள். டியூப் சுற்றிய கோலும் வேண்டாம், துணி சுற்றிக் கொடுங்கள்.

ஓசையே தொல்லையாகும் பிள்ளைகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள பிள்ளை காதைப் பொத்தினால் அது அடமில்லை. கருவியை அறைக்கு வெளியே வைத்து வாசியுங்கள். கதவைத் திறப்பதும் மூடுவதும் பிள்ளையின் கையில் இருக்கட்டும், ‘நிறுத்து’ அட்டை ஒன்றும் கொடுங்கள். தான் நிறுத்தினால் ஓசை நிற்கும் என்று தெரிந்தபின் பல பிள்ளைகள் தாங்களே நெருங்கி வருவார்கள். மூளை முடக்குவாதப் பிள்ளைகள் சிலருக்குத் திடீர் ஓசையில் உடல் முழுதும் துடித்து இறுகும். முதல் அடிக்கு முன் கையை உயர்த்திக் காட்டி, மெல்லத் தொடங்க வேண்டும். டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளைகளுக்குக் கழுத்தைச் சுழற்றும் ஆட்டம் கூடாது, கழுத்தெலும்பு மூட்டுத் தளர்வாக இருக்கக்கூடும். அவர்களுக்குக் காதில் நீர் கோப்பதும் அடிக்கடி உண்டு. பாட்டில் சேராத பிள்ளையை முதலில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது பரிசோதனைக்கு அனுப்புங்கள். உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்குச் சொல்லும் பாதுகாப்பு அளவு 75 டெசிபெல், வாரம் நாற்பது மணி நேரம்; பேரோசை எழுப்பும் செண்டை மேளத்தை மூடிய அறைக்குள் கொண்டுவரவே வேண்டாம்.

அறை பற்றியும் பார்த்துக்கொள்ளுங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரையில் மழை கொட்டும் வேளையில் பேச்சுப் பாட்டு நடத்திப் பயனில்லை, அன்று பலகையும் பறையும் வைத்துக்கொள்ளலாம். எதிரொலிக்கும் கூடத்தில் பழைய சேலைகளைச் சுவரில் தொங்கவிட்டாலே மாற்றம் தெரியும். கடலோர ஈரப்பதத்தில் தோல் தொய்யும், வெயிலில் காயவைக்க ஆள் இருக்காது. அங்கே செயற்கைத் தோல் பறை நல்லது.

ஒரு வேளைக்கு 20 நிமிடம், ஆறு பிள்ளைக்கு இரண்டு பெரியவர், வாரம் இருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை: பெயர் சொல்லி வரவேற்புப் பாட்டு, அசைவு, இலக்குப் பாட்டு, அமைதி, விடைபெறும் பாட்டு. வரிசையைப் படங்களாக ஒட்டிவையுங்கள். கை கழுவவும் வரிசையில் நிற்கவும் தனித்தனி மெட்டு. ஒரே மெட்டை இரண்டு வேலைக்குப் போட்டால் குழப்பம். நாள் முழுவதும் பின்னணியில் பாட்டு ஓடினால் எந்தப் பாட்டுக்கும் பொருள் இருக்காது. பள்ளிக்கு வர இயலாமல் வீட்டுவழிக் கல்வியில் இருக்கும் பிள்ளைகளுக்கு, அம்மாவோ பாட்டியோ பாடும் தாலாட்டையே இலக்குப் பாட்டாக்கலாம். வாரம் ஒருமுறை வரும் பயிற்றுநரைவிட அவர்கள் குரல் அதிகம் கேட்கும்.

இதற்கெல்லாம் உங்களிடம் வேண்டுவது பெரிதல்ல. தனிநபர் கல்வித் திட்டப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: பாட்டோடு, தாளத்தோடு மட்டும், எதுவுமில்லாமல், ஒவ்வொன்றிலும் ஐந்துக்கு எத்தனை என்று மாதம் ஒருமுறை குறிக்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பள்ளிகள்மேல் வைக்கும் முன்னேற்றக் கண்காணிப்புக் கடமைக்கும் அது சான்றாகும். வட்டார வள மையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி: சிறு வில் ஒன்று, குடம் இரண்டு, உடுக்கை இரண்டு, பறை மூன்று, சிரட்டை ஆறு இணை, கைச்சலங்கை எட்டு, தடித்த பிடிக் கோல் பத்து, குரல் பதியும் பொத்தான் இரண்டு, அதிர்வுப் பலகை ஒன்று. ஊதும் கருவிகள் வேண்டாம், எச்சில் மாறும். வட்டாரத்துக்கு ஒரு வில்லிசைக் கலைஞரை அழைத்துச் சிறப்புப் பயிற்றுநர்களுக்கும் பகுதிநேர இசை ஆசிரியர்களுக்கும் மூன்று நாள் பயிற்சி. கலைஞருக்கு மதிப்பூதியம் கைக்கு வந்து சேரும்படி. இவை ஜூனில் திட்டம் எழுதும் முன் நடந்தால்தான் அந்த ஆண்டுக்குப் பயன்படும்.

கடைசியாக இருப்புப் பதிவேடு. குடம் உடையும், தோல் கிழியும், மணி உதிரும். உடைந்ததற்குப் பயிற்றுநர் விளக்கம் எழுத வேண்டும் என்றால் பெட்டி பீரோவைவிட்டு வெளியே வராது. இந்தப் பெட்டியை நுகர்பொருளாகப் பதியவும், ஆண்டுக்கு ஒருமுறை கழிவு எழுதி நிரப்பவும் பெட்டியோடு சேர்த்தே ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குமரி மாவட்டச் சிறப்புப் பயிற்றுநர்கள், இசை ஆசிரியர்கள், இயன்முறைப் பயிற்சியாளர்கள் சிலர்